புழுப் பழத்தோடு ஆலன் வீட்டுக்குப் போனேன்

1

இந்த முறை ஓசூர்ப் பக்கம் சூளகிரியிலிருந்து திரும்பி வந்தபோது, இங்கே விமான நிலையத்தில் ஒரு நாய் என் பையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. குரைக்கவில்லை, முறைக்கவில்லை. சும்மா உட்கார்ந்தது. இந்தத் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த அம்மாளிடம் பழம் இருக்கிறது.

என்னிடம் பழம் இல்லை. மாம்பழ சீசனில் ஊருக்குப் போய், அண்ணன் தோப்பில் செந்தூராவும் பெங்களூராவும் குவிந்து கிடக்க, ஒன்றைக்கூட எடுக்காமல் வந்திருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சலே எனக்குப் போதும். நாயோடு வந்த அதிகாரி மெல்ல மன்னிப்புக் கேட்டுவிட்டு என் கட்டைப்பையைக் கவிழ்த்தார். புடவை, முறுக்கு, மகளுக்குத் தைத்த பாவாடை எல்லாம் மேசைக்கு வந்தன. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் என் உள்பாவாடை வரைக்கும் பார்த்துவிட்டார்கள். பழம் மட்டும் கிடைக்கவில்லை.

“இந்தப் பையில் எப்போதாவது பழம் வைத்திருந்தீர்களா?” என்று கேட்டார்.

அப்போதுதான் நினைவு வந்தது. அண்ணி அந்தப் பையில்தான் போன வாரம் மாம்பழம் போட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அதைச் சொன்னதும் அதிகாரி நாயின் தலையைத் தடவிக் கொடுத்தார். அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று அவருக்குப் பெருமை.

வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரர் செல்வத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்து, மத்திகிரியில் வாடகைக்குக் குடியிருந்து, பிறகு என்னையும் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். “பழம் இல்லாம வாசத்துக்கே புடிச்சிட்டானுவளா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் உட்கார்ந்த அந்த நொடியில் எனக்குப் போன ஜனவரி மாதம்தான் ஞாபகம் வந்தது. அதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

2

நாங்கள் இருப்பது டாஸ்மேனியா. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கடலுக்குள் தனியாகக் கிடக்கும் தீவு. மெல்பர்னிலிருந்து வருகிறவர்கள்கூட, தின்றுகொண்டிருக்கும் ஆப்பிளை இறங்குமிடத்தில் இருக்கும் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஒரே நாடுதானே, இதென்ன கெடுபிடி என்று வந்த புதிதில் எனக்கும் எரிச்சலாக இருந்தது.

காரணம் பழ ஈ. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது உண்டு. இந்தத் தீவில் குடியேற இன்னும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இங்கே விளையும் செர்ரியை மற்ற நாடுகள் தயங்காமல் வாங்குவதே ‘ஈ இல்லாத ஊர்ப் பழம்’ என்ற பெயருக்காகத்தான். அந்தப் பெயர் ஒருமுறை போனால் போனதுதான். அதனால் ஓர் ஈ வந்தால் ஊருக்குள் புலி வந்த மாதிரி ஓடுகிறார்கள்.

எனக்குப் பழ ஈ புதிதில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சூளகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. மேலே தங்கம் போலிருக்கும் பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். அந்தப் பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியைத் தின்போம். தோப்புக்கு வியாபாரி வந்து நிற்கும்போது மட்டும் ‘புழு’ என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. ஒரு தோப்பில் புழு என்றால் அந்த ஊருக்கே விலை இறங்கிவிடும். சின்ன வயதில் நான் ஒருமுறை உளறப் போக, அப்பா என் வாயில் ஒரு மாங்காய்த் துண்டைத் திணித்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது இந்தக் கதைக்கு முக்கியம். பயிருக்கு ஏதாவது வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? நோய் கண்ட இலையையோ காயையோ பறித்து ஒரு கவரில் போட்டு, வண்டியில் மாட்டிக்கொண்டு நேராகப் பூச்சி மருந்துக்கடைக்குப் போவார்கள். எங்கள் பக்கத்துப் பாகலூர் கடையில் பார்க்க வேண்டும் அந்தக் காட்சியை. மேசை மேல் ஒருவர் தக்காளி இலை, ஒருவர் ரோஜாக் கிளை, ஒருவர் சொத்தைக் கத்திரிக்காய் என்று வைத்திருப்பார்கள். கடைக்காரர் தெலுங்கில் ஒருவருக்கும், கன்னடத்தில் ஒருவருக்கும், தமிழில் ஒருவருக்கும் பதில் சொல்லியபடி எல்லாவற்றையும் அதே கையால் புரட்டிப் பார்த்து, பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அவ்வளவு பேரும் அடுத்தவர் இலையையும் தொட்டுப் பார்த்து ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். காண்பிக்காமல் எப்படி மருந்து கேட்பது? அதுதான் முறை, அதுதான் மரியாதை.

வட்டாரத்தில் உள்ள அத்தனை நோயும் அந்த மேசையில் கூடிப் பேசி, ஒன்றின் வீட்டுக்கு ஒன்று விருந்து போயிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

3

ஜனவரியில் இங்கே கோடை. நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறம் ஓர் ஆப்ரிகாட் மரம் இருக்கிறது. மாங்காய்க்கு வழியில்லாததால் அரைப்பழமாக அதைப் பறித்துத் தொக்குப் போடுவது என் வழக்கம். பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை அப்படி நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பழத்தைப் பிளந்தபோது கொட்டையைச் சுற்றி வெள்ளைப் புழுக்கள். கால் இல்லை, தலை தெரியவில்லை. எங்கள் தோப்பில் பார்த்த அதே தினுசு.

மகள் கீர்த்தனா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. என்னோடு தமிழில் பேசுவதே பெரிய சலுகை என்று நினைப்பவள். அன்று அவளே கத்தினாள்.

“அம்மா, அப்படியே வைங்க! மூவ் பண்ணக் கூடாது. பழ ஈ ஆபீசுக்குப் போன் பண்ணணும், நம்பர் ஃப்ரிட்ஜ்லயே ஒட்டியிருக்கு பாருங்க!”

செல்வம் வேறு ஆள். “ஏட்டி, நமக்கு எதுக்கு இந்தச் சோலி? நல்லா கட்டிக் குப்பைல போட்டுட்டுக் கையக் கழுவு. நாளைக்கு ஏதாவதுன்னா இந்தியாக்காரன் கொண்டாந்த புழுன்னுதான் சொல்லுவான்.”

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. மகள் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் என் புத்தி இரண்டுக்கும் போகவில்லை. எனக்கு ஆலன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஆலன் இங்கே நாங்கள் இருக்கும் ஊருக்கு வெளியே செர்ரித் தோட்டம் வைத்திருப்பவர். எழுபதை நெருங்கியவர், மனைவி இல்லை, மகன் தூர தேசத்தில். சீசனில் அவருடைய கொட்டகையில் பழம் தரம் பிரித்துப் பெட்டி போடுவது என் வேலை. ஓசூர்த் தொழிற்சாலையில் இயந்திர பாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு இங்கே முதல் வேலை கொடுத்த மனிதர். மறுநாள் காலையிலிருந்து அவருடைய மேல் தோட்டத்துச் செர்ரி பறிக்கப் பறிக்க வெளிநாட்டுக்குக் கிளம்ப வேண்டும். சீனப் புத்தாண்டுக்குப் போகும் சரக்கு அது. அந்த வருஷத்து வரும்படியில் பெரும்பங்கு அதுதான்.

இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த மனிதருக்குக் காட்டாமல், முகம் தெரியாத ஆபீசுக்கு முதலில் சொல்வதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. பழத்தைக் கவரில் கட்டி, அதை டிபன் டப்பாவில் வைத்து மூடி, காரில் ஏறிவிட்டேன். கீர்த்தனா பின்னாலேயே ஓடி வந்து ஆங்கிலத்தில் என்னவோ கத்தினாள். வந்து பேசிக்கொள்ளலாம் என்று கையசைத்துவிட்டுப் போனேன்.

4

ஆலன் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் இழுத்து, நிதானமாக, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மாடு கடந்துபோகிற மாதிரி பேசுவார். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சமையலறை மேசையில் டப்பாவை வைத்து விஷயத்தைச் சொன்னேன். மூடியில் கை வைத்தேன்.

“தொறக்காத,” என்றார்.

கையை எடுத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது, எந்த மரம், எப்போது பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே மேட்டில் அவருடைய மரங்கள் பழத்தின் பாரத்தில் சிவந்து நின்றன. பறிக்க வந்தவர்களின் வண்டிகள் வேலியோரமாக நின்றன. கொட்டகையில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். ஆலன் டப்பாவையும் பார்த்தார், மேட்டையும் பார்த்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காட்ட வேண்டியதைக் காட்டியாயிற்று, இனி பெரியவர் பாடு என்று எழுந்தேன்.

“நான் வரேங்க.”

“இல்ல. நீ உட்காரு. போவாத.”

உட்கார்ந்தேன். அவர் எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தார். அது கொதித்து அடங்கியது, டீ போடவில்லை. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, போனை எடுத்து, கீர்த்தனா சொன்ன அதே நம்பருக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனையில் ஒரு பெண். ஆலன் தன் பெயர், தோட்டம் எல்லாம் சொன்னார். அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: பழத்தை இடம் மாற்றினீர்களா?

“ஆமாம், ரொம்பப் பத்திரமாகத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆலன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண், குரலை ஒரு துளி உயர்த்தாமல், எந்த வழியாக வந்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், டப்பா எந்த இருக்கையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கொல்லையோடு போயிருக்க வேண்டிய சந்தேகத்தைச் செர்ரி பழுத்து நிற்கும் தோட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

5

அன்று மாலைக்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். செருப்புக்கு உறை, கைக்கு உறை. எங்கள் ஆப்ரிகாட் மரத்தில் ஒரு பிஞ்சு விடாமல் பறித்தார்கள். தரையில் விழுந்ததையும் பொறுக்கினார்கள். என் தொக்குக்கு நறுக்கியதும் அவர்களோடு போயிற்று. தெருவில் வீடு வீடாகத் தட்டி, மரங்களில் ஈ பிடிக்கும் பொறி மாட்டினார்கள். ஒரு வீட்டிலும் யாரும் கதவைச் சாத்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஏணி கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். நம் ஊரில் கணக்கெடுக்க வருபவரைக்கூட ‘வீட்டுல ஆம்பளைங்க இல்ல, அப்பறம் வாங்க’ என்று திருப்பி அனுப்புவோம்.

கிளம்பும்போது மூத்த அதிகாரி, ஒரு பெண்மணி, என்னிடம் வந்தார். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “நீங்கள் சொன்னதற்கு நன்றி. அடுத்த முறையும் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.”

இது என்ன புழு என்று சோதனைக்கூடம் சொல்லும்வரை பழத்தை வெளியே அனுப்ப வேண்டாம் என்று ஆலனைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் அன்றே தோட்டத்து வாசல் கதவைச் சாத்திவிட்டார். குளிர் அறை ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் மேற்கொண்டு பறிக்கவும் வழியில்லை. ஆட்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஜூடி என்ற பெண்ணின் தோட்டம். யாரும் உத்தரவு போடாமலேயே அவளும் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கடையில் ஜூடியைப் பார்த்தேன். பால் பாக்கெட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். “அதைத் தூக்கிக்கொண்டு போக உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?” என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். அவள் வரிசைக்குப் போய், பிறகு திரும்பி வந்தாள். “ஆனால் மறைக்கவில்லை. அது போதும்,” என்றாள். கோபம் தீராமலேயே சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரிப்பவர்களைவிட இவளை நம்பலாம்.

பொங்கலன்று மழை வந்தது. பழுத்த செர்ரி மேல் தண்ணீர் நின்றால் தோல் வெடித்துவிடும். ஆலன் ஹெலிகாப்டர் வரவழைத்தார். இங்கே அப்படித்தான், மரங்களுக்கு மேலே தாழப் பறந்து காற்றாலேயே தண்ணீரை உதறுவார்கள். நான் அடுப்பில் பொங்கல் வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கியபோது குலவை போட வாய் வரவில்லை. கீர்த்தனா தானாக வந்து பக்கத்தில் நின்றாள். நான் எதிர்பார்த்த ‘அன்னிக்கே சொன்னேன்ல’ வரவில்லை. “ஆலனுக்குக் கொஞ்சம் கொடுத்துட்டு வரலாமாம்மா?” என்றாள். பிறகு அவளே, “வேணாம், இப்ப யாரும் உள்ள போகக் கூடாது,” என்றாள்.

அன்று மாலை அண்ணன் போன் செய்தான். நடந்ததைச் சொன்னேன்.

“ஒரு பழத்துக்கா இத்தினி கூத்து?” என்றான். “நம்ம தோப்புல வந்து பாக்கச் சொல்லு அவங்கள. மயக்கம் போட்டு உழுந்துடுவாங்க.”

“அண்ணா, அந்தாளு பழமெல்லாம் மழையில வெடிச்சிக்கினு இருக்குது. நான் பண்ண வேலை.”

“உன்ன அடிக்க வரலியா?”

“இல்ல.”

“திட்டவாவது திட்டினாரா?”

“அவர் ஒண்ணுமே சொல்லல.”

“அப்ப அது நம்ம ஊரு மாதிரி இல்ல, பாப்பா,” என்றான். அதற்கு மேல் அவன் கிண்டல் செய்யவில்லை.

6

அடுத்த நாள் முடிவு வந்தது. அது பழ ஈ இல்லை. அழுகத் தொடங்கும் பழத்தில் சாதாரணமாக வரும் வேறொரு ஈயின் புழு. தீவுக்கு ஆபத்தில்லை. தெருவில் நான்கு பேர் கைதட்டினார்கள். செல்வம் அன்று இரண்டு வேளை சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டார்.

ஆலனின் கதவு திறந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள், நானும் போனேன். கீழ்த் தோட்டம் தப்பித்திருந்தது. மேல் தோட்டத்தில் பாதிக்கு மேல் வெடித்துப்போயிருந்தது. பெட்டி பெட்டியாக வந்த பழத்தைப் பார்த்துப் பார்த்து நான் ஒதுக்கினேன். நல்லதைவிட ஒதுக்கியது உயரமாகக் குவிந்தது.

மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் வெளியே போன பிறகும் நான் போகவில்லை. ஆலன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

“நான் அதக் கொண்டுவராம இருந்திருந்தா உங்க பழம் மழைக்கு முன்னாடியே போயிருக்கும். உங்களுக்கு என் மேல கோவமே இல்லீங்களா?”

“இருந்திச்சி,” என்றார். “மழ பேஞ்ச அன்னிக்கி நெறைய இருந்திச்சி.”

இரண்டு பெட்டிகள் போயின.

“அன்னிக்கி நீ கெளம்பறேன்னு எழுந்த பாரு,” என்றார். “நீ போயிருந்தா நான் போன் பண்ணியிருக்க மாட்டேன். டப்பாவ அப்படியே குழியில போட்டு மூடிட்டு, காலையில லாரிய ஏத்தி அனுப்பியிருப்பேன். அப்படித்தான் செய்வேன்னு எனக்கே தெரிஞ்சிடிச்சி. அதுக்குத்தான் உன்ன உட்காரச் சொன்னேன்.”

நான் கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

இத்தனை நாளும் இந்த ஊர்க்காரர்களுக்கு நேர்மை ரத்தத்திலேயே ஊறியது, நமக்கு வராது என்று நினைத்து வியந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. இவருக்கும் மறைக்கத் தோன்றியிருக்கிறது. மறைத்துவிடாமல் இருக்க, எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன் எவர் மேலும் வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

பழத்தை எடுத்துக்கொண்டு போனது தப்புதான். இன்றைக்கு யார் கேட்டாலும், இருக்கிற இடத்திலேயே வைத்துவிட்டுப் போன் செய் என்றுதான் சொல்வேன். ஆனால் மறைக்காமல் போன் செய்வது என்ற முடிவை அந்த மனிதர் எடுத்தபோது எதிர் நாற்காலியில் நான் இருந்தேன்.